பன்னிரண்டு பதினாறு

அட்டவணை சொன்னது:
ஆவணி பத்து, பகல் பன்னிரண்டு பதினாறுக்குப்
புதுவயலில் நேராக நட்ட எதற்கும்
நிழல் விழாது.

தகரப் பெட்டியோடு காரைக்குடியில் பஸ் ஏறினேன்.
பெட்டிக்கும் அரை டிக்கெட் போட்டார் கண்டக்டர்.
உள்ளே ஒரு மீட்டர் பிளாஸ்டிக் குழாய்,
அதை நிறுத்த சிமெண்ட் கட்டிய பெயிண்ட் டப்பா,
சாக்பீஸ், அளவுநாடா, நூல்கண்டு,
கானாடுகாத்தானில் பழைய வீட்டை ஹோட்டலாக்கும் கொத்தனாரிடம்
பொழுது சாய்வதற்குள் தருவதாக வாங்கிய தூக்குக்குண்டு.

கூடவே ஒரு படிவம்.
மூன்றாம் வகுப்பு உற்றுநோக்கும்,
ஏழாம் வகுப்பு அளக்கும்,
பதினொன்று கணக்கிடும்.
நிகழ்ந்ததா? ஆம் / இல்லை.

கொடிமேடை முன்னால் முதல் கோடு:
பதினொன்றே கால், மேற்கே இருபத்தேழு சென்டிமீட்டர்.
நிழல் குட்டையாகக் குட்டையாகச் சண்டை நீண்டது.
நுனி என்பது கறுப்பு முடிகிற இடமா,
அதைத் தாண்டிச் சாம்பல் முடிகிற இடமா?
"ரெண்டுக்கும் நடுவுல வை" என்றாள் ரஹ்மத் நிஷா,
வரப்புத் தகராறு தீர்ப்பவள் போல.
மூன்றாம் வகுப்பு
தன் நிழலின் தலையை மிதிக்க ஓடி ஓடித் தோற்றது.
"காலுக்கு அடியில போயிரும்,
அப்புறம் மண்ணுக்குள்ள, அப்புறம் அமெரிக்கா"
என்றான் லெனின்குமார்.

பன்னிரண்டு ஒன்று. ஆறரை.

அப்போதுதான் மேகம் வந்தது.
மழைக்காக மாசக்கணக்கில் அண்ணாந்து பார்த்த ஊர்
போ போ என்று கைகாட்டியது.
"மேகமில்ல டீச்சர், ரைஸ்மில்லு புகை."
புகையில்லை. மேகம்தான்.
யானை மாதிரி, அவசரமே இல்லாமல்.

பன்னிரண்டு பதினாறு.
நாற்பத்து மூன்று பேரும் நானும் குழாயைச் சுற்றி நின்றோம்.
குழாய்க்கு நிழல் இல்லை.
கொடிக்கம்பத்துக்கு இல்லை. வேம்புக்கு இல்லை.
இருதயமேரி டீச்சர் விரித்த குடைக்கும் இல்லை.
அட்டவணை சொன்னபடியே.
யாரோ கைதட்டிவிட்டார்கள்.

நாச்சம்மைக்கு எட்டு வயது. தட்டவில்லை.
"நிழல் இல்லாம எங்க போச்சு?
நாம எல்லாரும் மேகத்தோட நிழல்லதானே நிக்கிறோம்."

பதினைந்து நிமிடம் கழித்து வெயில் திரும்பியது,
குழாயின் காலடியில் நிழலும், இப்போது கிழக்கே.
பிளஸ் ஒன் சோலைமணி மண்டியிட்டு அளந்தான்.
ஆறரை.
பன்னிரண்டு ஒன்றின் நுனியில் நூலை வைத்து
பன்னிரண்டு முப்பத்தொன்றின் நுனிவரை இழுத்தான்.
நூல் குழாயின் அடியைத் தொட்டுக்கொண்டு போனது.
இரண்டுக்கும் நட்ட நடு நேரத்தை எழுதிக் காட்டினான்.
"இருந்திருக்காது டீச்சர்."

"நீ பாத்தியா?" என்றான் லெனின்குமார்.
"பாக்கல. ஆனா இருந்திருக்காது."
"நாங்களும் பாக்கல. அதனால எங்களுக்குத் தெரியாது."

சத்துணவு மணி அடித்தும் ஓயவில்லை.
தட்டு ஏந்திய வரிசையில் நாச்சம்மை
பெரிய பையனின் சட்டையைப் பிடித்து இழுத்து
இன்னொரு தரம் நூல் வைத்துக் காட்டச் சொன்னாள்.
சாம்பார் ஆறிப்போனது.
யார் பக்கமும் நான் பேசவில்லை;
எனக்கு இரண்டு பேரையும் பிடித்திருந்தது.

"மறுபடி எப்ப வரும்?"
சித்திரை மூன்று வாக்கில், என்றேன்.
"அப்பப் பரீட்சை இருக்குமே" என்றது மூன்றாம் வகுப்பு,
முதல்முறையாக ஒரே குரலில்.

திரும்பும் பஸ்ஸில் படிவம் மடியில் கிடந்தது.
ஆமுக்கும் இல்லைக்கும் நடுவே
ஒரு சாய்கோடுதான் இடம்.
பேனாவை மூடிவிட்டு
தூக்குக்குண்டை முன்சீட்டுக் கம்பியில் தொங்கவிட்டேன்.
பஸ் நகர்ந்ததும் பின்னால் சாய்ந்தது.
பிரேக்குக்கு முன்னால் பாய்ந்தது.
வளைவில் வெளிப்பக்கம்.
கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
"இது ஏம்மா இப்படி ஆடுது?"

பெட்டிக்கு இந்த முறை
அவர் காசு கேட்கவில்லை.